செம்பு வேற, சொம்பு வேற

ஆசிரியருக்கு வணக்கம்.

போன மாசம் உங்க பேப்பர்ல மாவட்டச் செய்தி பக்கத்துல "பூட்டிய வீட்டில் செம்பு திருட்டு"ன்னு ஒரு தலைப்பு வந்துச்சு. ஒரு சொம்பு காணாம போனதுக்கா கைரேகை நிபுணர் வரைக்கும் வந்தாங்கன்னு ஆச்சரியப்பட்டுக்கிட்டே முழுசா படிச்சேன், கடைசிக்கு முந்தின வரியில தான் தெரியுது, திருடு போனது ஏசி மிஷினோட காப்பர் பைப்பாம். அதே வாரம் ஆன்மிக இணைப்புல கலசம் வைக்கிற முறைன்னு ஒரு கட்டுரை, அதுல "ஒரு செம்பில் நீர் நிரப்பி, மாவிலை செருகி, மேலே தேங்காய் வைத்து"ன்னு எழுதியிருந்தீங்க. அங்க செம்புன்னா உலோகம், இங்க செம்புன்னா பாத்திரம். படிக்கிறவன் எதைன்னு எடுத்துக்கிறது?

இது என்ன பெரிய விஷயமான்னு கேப்பீங்க. எங்களுக்கு கும்பகோணத்துல பாத்திரக்கடை, தாத்தா காலத்துல இருந்து. அந்தக் கட்டுரை வந்த மறுநாள்ல இருந்து கடைக்கு வர்ற பொம்பளைங்க பாதிப் பேரு "காப்பர்ல தான் வேணும், பேப்பர்ல போட்டிருக்கு"ன்னு கேட்டாங்க. வீட்ல நல்ல பித்தளை சொம்பு இருக்குப்பா, மாமியார் காலத்துது, அதுல வைக்கக் கூடாதான்னு ஒரு அம்மா கேட்டப்ப எனக்கே சங்கடமா போச்சு. கலசத்துக்கு வெள்ளி, செம்பு, பித்தளை எல்லாமே வைக்கிறாங்க, ஆத்து மண்ணுல செஞ்ச பானையில கூட வைக்கிறாங்க. உங்க கட்டுரைக்காரர் சொன்னது அந்தப் பாத்திரத்தோட வடிவத்தை, சனங்க புரிஞ்சுக்கிட்டது உலோகத்தை. கிலோ கணக்குல பாத்தா பித்தளையை விட காப்பர் விலை ஜாஸ்தி, எங்களுக்கு வியாபாரம் தான், நான் வேணாம்னு சொல்லல. ஆனா ஒரு எழுத்தால நடந்த வியாபாரம்னு தெரிஞ்சப்புறம் மனசு ஒப்பல.

உங்க ஆபீசுக்கு போன் போட்டு கேட்டேன். பேசினவர் மரியாதையா தான் பேசினாரு. "சொம்பு கொச்சை சார், செம்பு தான் சரியான வழக்கு, நாங்க திருத்திடுவோம்"னாரு. அதுக்கு தான் இந்த லெட்டர். கொஞ்சம் நீளமா போகும், வெட்டணும்னா வெட்டிக்கோங்க, ஆனா சொம்பை செம்பா மட்டும் மாத்திடாதீங்க.

மொதல்ல ஒரு கேள்வி. சொம்புங்கறது செம்போட கொச்சை உச்சரிப்புன்னா, உலோகத்தையும் சனங்க சொம்புன்னு தானே சொல்லணும்? எந்த எலக்ட்ரீஷியனாவது "சொம்புக் கம்பி இழுத்திருக்கேன்"னு சொல்லிக் கேட்டிருக்கீங்களா? சொம்புக் காசு, சொம்புத் தகடுன்னு யாராவது சொல்றாங்களா? உலோகத்துக்கு செம்பு, செப்பு, தாமிரம், இப்ப காப்பர். பாத்திரத்துக்கு மட்டும் தான் சொம்பு. படிக்காதவங்க கூட, ஏன் படிக்காதவங்க தான், இந்த வித்தியாசத்தை ஒரு நாளும் குழப்பிக்கிறதில்ல. குழப்பினது அச்சுல தான்.

ஆரம்பத்துல ரெண்டும் ஒண்ணு தான், நான் இல்லேன்னு சொல்லல. செம்மைன்னா சிவப்பு, செம்மண், செம்பருத்தி மாதிரி செவப்பா இருக்கிற உலோகத்துக்கு செம்புன்னு பேரு. அந்த உலோகத்துல செஞ்ச பாத்திரத்துக்கும் அதே பேரு ஒட்டிக்கிச்சு. இங்கிலீஷ்காரன் கண்ணாடியில செஞ்சதை கிளாஸ்னு சொன்னான், நாம அந்த பேரை வாங்கிட்டு வந்து எவர்சில்வர் கிளாஸ்னு சொல்றோம், யாருக்கும் சிரிப்பு வர்றதில்ல. நெல்லு அளக்கிற மரக்காலை எடுத்துக்கோங்க, பேர்ல மரம் இருக்கு, பாத்திரம் இரும்புல இருக்கு. பொருள் மாறினாலும் பேரு போகாது.

சொம்பு விஷயத்துல இது எவ்வளவு தூரம் போயிருக்குன்னு எங்க கடைக்குள்ள வந்து பாத்தா தெரியும். பித்தளைச் சொம்பு, வெள்ளிச் சொம்பு, எவர்சில்வர் சொம்பு, பிளாஸ்டிக் சொம்பு கூட வந்தாச்சு. இதையெல்லாம் உங்க திருத்தப்படி எழுதினா பித்தளைச் செம்பு, வெள்ளிச் செம்பு, பிளாஸ்டிக் செம்பு. வாய்ல சொல்லிப் பாருங்க. காப்பர்ல செஞ்சதே வேணும்னா சனங்க "காப்பர் சொம்பு"ன்னு தனியா சொல்லித் தான் கேக்கிறாங்க, அதாவது வார்த்தைக்குள்ள இருந்த காப்பர் எப்பவோ கரைஞ்சு போச்சு, அதனால தான் வெளியில இருந்து இன்னொரு தடவை காப்பரைச் சேக்க வேண்டியிருக்கு.

இதுல உச்சம் ஈயச்சொம்பு தான். எங்க தஞ்சாவூர் ஜில்லாவுல ரசம்னா ஈயச்சொம்பு ரசம் தான், அந்த ருசி எவர்சில்வர்ல வராது. வெள்ளீயத்தைத் தட்டி செய்வாங்க, தண்ணி ஊத்தாம அடுப்புல வெச்சீங்கன்னா உருகி ஓடிடும், புதுசா கல்யாணம் ஆகி வந்த எத்தனையோ பொண்ணுங்க மாமியார் வீட்டு ஈயச்சொம்பை அப்படித் தான் பறி கொடுத்திருக்காங்க. இதை செம்புன்னு எழுதினா என்ன ஆகும்? ஈயத்துல செஞ்ச செம்பு, ரெண்டு உலோகமும் ஒரே பேர்ல. (சொல்ல வந்ததோட இதையும் சொல்லிடறேன், ஈயச்சொம்பு வாங்கும்போது அது வெள்ளீயமா காரீயமான்னு கேட்டு வாங்குங்க. காரீயம்னா லெட், அது ஒடம்புக்கு விஷம், புளி ரசத்துக்கு ஆகவே ஆகாது. தெரிஞ்ச கடையில வாங்குங்க, ரோட்டோரம் சல்லிசா கிடைக்குதேன்னு வாங்காதீங்க.)

இப்ப எழுத்து மாறின கதைக்கு வர்றேன். ப, ம, வ மாதிரி உதட்டுல பொறக்கிற எழுத்து பக்கத்துல இருந்தா நம்ம வாயில 'எ' நிக்காது, உதடு குவிஞ்சு 'ஒ' ஆகிடும். பெண் பொண்ணு ஆச்சு, பெட்டி பொட்டி ஆச்சு, பெண்டாட்டி பொண்டாட்டி ஆச்சு. செம்பு சொம்பானதும் இப்படித் தான். உடனே நீங்க கேப்பீங்க, அப்போ பொண்ணு, பொட்டின்னும் அச்சுல போடச் சொல்றியான்னு. இல்ல சார். பெண்ணும் பொண்ணும் ஒரே ஆளு, பெட்டியும் பொட்டியும் ஒரே சாமான், அங்க எழுத்துல பெண்ணுன்னு போட்டா அர்த்தம் எதுவும் கெடாது. இங்க அப்படி இல்ல. வாய்ல ரெண்டா பிரிஞ்சு போன வார்த்தையை நீங்க பேப்பர்ல திரும்ப ஒண்ணாக்குறீங்க.

இதே வீட்ல இன்னொரு பிள்ளையும் இப்படியே பிரிஞ்சு போயிருக்கு. சொப்பு சாமான் தெரியும்ல? சின்ன வயசுல மரத்துலயோ மண்ணுலயோ குட்டி அடுப்பு, குட்டிப் பானை, குட்டிக் கரண்டின்னு வெச்சு விளையாடுவோமே, கோயில் திருவிழாக் கடையில ஓலைப் பெட்டியில போட்டு விப்பாங்களே, அது. அந்த சொப்பு எங்க இருந்து வந்துச்சுன்னு நெனக்கிறீங்க? செப்பு தான் அது. செப்புன்னா உலோகம் மட்டுமில்ல, பழைய தமிழ்ல மூடி போட்ட சின்னப் பெட்டிக்கும் கலத்துக்கும் செப்புன்னு பேரு. செம்பு சொம்பாச்சு, செப்பு சொப்பாச்சு, ரெண்டும் ஒரே வழியில போன அண்ணன் தம்பிங்க. செம்பு எப்படி செப்பாகுதுன்னு பள்ளிக்கூட இலக்கணம் படிச்சவங்களுக்கு ஞாபகம் இருக்கும், இரும்பு இருப்புப் பாதை ஆகுற மாதிரி செம்பு செப்பேடு ஆகும், செப்புத் திருமேனி ஆகும்.

செப்புங்கற கலம் எவ்வளவு பழசுன்னு பாருங்க. குறுந்தொகை 9ம் பாட்டு, கயமனார் பாடினது. புருஷன் மேல வருத்தம், ஆனா வெளிய காட்டிக்கல, உள்ளுக்குள்ளயே வாடிப் போறா ஒருத்தி, அவளை "மடைமாண் செப்பில் தமிய வைகிய பெய்யாப் பூ"ன்னு சொல்றாரு. மூட்டுவாய் நல்லா பொருந்தின செப்புக்குள்ள, யாரும் சூடாம தனியா கெடக்குற பூவாம். திருக்குறள்ல 887, "செப்பின் புணர்ச்சிபோல் கூடினும் கூடாதே உட்பகை உற்ற குடி". செப்பும் மூடியும் மேல பாத்தா ஒட்டி இருக்கிற மாதிரி தான் தெரியும், ஆனா ஒட்டாது. நான் டெய்லி கடையில சம்புடத்துக்கு மூடி பொருத்திப் பாக்குறவன், இந்தக் குறளை எனக்குன்னே எழுதின மாதிரி தோணும்.

எனக்கு ரொம்பப் புடிச்சது குறுந்தொகை 277. பாடினவரோட சொந்தப் பேரே தெரியாது, அந்தப் பாட்டுல வர்ற "ஓர் இல் பிச்சை"ங்கற சொல்லை வெச்சு ஓரிற்பிச்சையார்னு பேரு குடுத்துட்டாங்க. பிரிஞ்சு போன தலைவன் எப்ப வருவான்னு ஒரு அறிவர்கிட்ட தோழி கேக்குறா. கேக்குறதுக்கு முன்னாடி அவரை வாழ்த்துறா, என்ன வாழ்த்து தெரியுமா, குத்தமில்லாத தெருவுல, நாய் இல்லாத வாசல்ல, ஒரே வீட்டுல உனக்கு செந்நெல் சோறும் வெள்ளை நெய்யும் வயிறு நெறையக் கிடைக்கட்டும், பனிக்காலத்துக்கு இதமா வெந்நீர் "சேமச் செப்பில்" கிடைக்கட்டும்னு வாழ்த்துறா. பிச்சைக்குப் போறவருக்கு நாய் இல்லாத வீடு கிடைக்கணும்னு நெனச்ச அந்தப் பொண்ணு யாரோ, கும்பிடணும். சேமச்செப்புன்னா தண்ணியை சூட்டோட மூடி வைக்கிற கலம். பிளாஸ்குக்குத் தமிழ்ல என்ன பேருன்னு மண்டையை உடைச்சுக்கிட்டு வெப்பக் குடுவைன்னு நீங்க எழுதறப்பல்லாம் எனக்கு இந்தப் பாட்டு தான் ஞாபகம் வரும்.

நம்ம பக்கத்து ஊர்க்காரங்க இந்த வார்த்தையை என்ன பண்ணி வெச்சிருக்காங்கன்னும் பாத்துடலாம். தெலுங்குல செம்பு, நம்ம சொம்பு தான். சிங்களத்துல செம்புவ, அதுவும் தண்ணிப் பாத்திரம் தான், தமிழ்ல இருந்து போனது. மலையாளத்துல தான் வேடிக்கை, அங்க செம்புன்னா உலோகமும் தான், பெரிய அண்டா மாதிரி சமையல் பாத்திரமும் தான். பிரியாணிச் செம்புன்னா அங்க ஒரு கல்யாணத்துக்கே சோறு வேகும். 2022ல கேரளாவுல தங்கக் கடத்தல் கேசுல இந்த பிரியாணிச் செம்புக்குள்ள பொருளை வெச்சு அனுப்பினாங்கன்னு ஒரு குற்றச்சாட்டு கிளம்பி, எதிர்க்கட்சிக்காரங்க அதைத் தூக்கிக்கிட்டு ரோட்டுக்கு வந்தாங்க. அந்தச் செய்தியைத் தமிழ்ல படிச்ச எங்க கடைப்பையன் "ஒரு சொம்புல எவ்ளோ சார் வெச்சுட முடியும்"னு கேட்டான், பாவம், அவன் மேல தப்பில்ல.

கன்னடத்துல நம்மள மாதிரியே சொம்பு, ஒரு வித்தியாசம், அங்க கைல சொம்பைக் குடுத்துட்டாங்கன்னா ஏமாத்தி வெறுங்கையோட அனுப்பிட்டாங்கன்னு அர்த்தம், நாம நாமம் போட்டுட்டான்னு சொல்றோமே அந்த மாதிரி. 2024 நாடாளுமன்றத் தேர்தல்ல கர்நாடகா காங்கிரஸ், மத்திய அரசு மாநிலத்துக்குக் குடுத்தது வெறும் சொம்புன்னு பேப்பர்ல பெரிய சொம்புப் படத்தோட விளம்பரமே குடுத்துச்சு. தேவகவுடா அதுக்கு பதிலா, காங்கிரஸ் குடுத்த காலிச் சொம்பை மோடி அட்சய பாத்திரமா மாத்திட்டாருன்னு பேசினாரு. யாரு சொன்னது சரின்னு நான் உள்ள போகல, ஒரு தேர்தல் பிரச்சாரமே எங்க கடைச் சாமானை வெச்சு நடந்துச்சேன்னு ஒரு சந்தோஷம், அவ்ளோ தான்.

வடக்கே இதே பாத்திரம் லோட்டா. அடி உருண்டையா இருக்கிற லோட்டா ஒரு எடத்துல நிக்காது, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருளும், அதனால கட்சி தாவுறவனுக்கு அடியில்லாத லோட்டான்னு பேரு. பாகிஸ்தான்ல லோட்டான்னு ஒத்த வார்த்தை சொன்னாலே கட்சி மாறின ஆளு தான். 2022 ஏப்ரல்ல லாகூர்ல பஞ்சாப் மாகாண சட்டசபைக்குள்ள நிஜமாவே லோட்டாவைக் கொண்டு வந்து துணை சபாநாயகர் மேல வீசினாங்க.

நம்மூர்ல என்ன ஆச்சு? நம்மூர்ல சொம்புன்னா ஜால்ரா. ஒருத்தன் ஒரு தலைவரைப் பத்தி ரெண்டு வார்த்தை நல்லதா எழுதிட்டா போதும், கீழ வரிசையா சொம்பு சொம்புன்னு போட்டுடுவானுங்க. இது புதுசுன்னு நெனக்காதீங்க. எங்கப்பா காலத்துல கூஜா தூக்குறதுன்னு சொல்வாங்க. அது நேரடியாவே புரியும், பெரிய மனுசன் வெளியூர் போறப்ப அவர் குடிக்கிற தண்ணியை கூஜாவுல எடுத்துக்கிட்டு ஒருத்தன் பின்னாடியே போவான், அவன் தான் கூஜா தூக்கி. கூஜாங்கறது பாரசீகத்துல இருந்து வந்த வார்த்தை. இன்னிக்கு கூஜாவைப் பாத்த பிள்ளைங்களே கம்மி, தண்ணி பாட்டில் வந்ததும் அது பரண் மேல ஏறிடுச்சு, எங்க கடையிலயே யாராவது பழைய வீட்டு மாடல்ல கேட்டா தான் எடுத்து வைக்கிறோம். ஆனா சினிமாவுல பஞ்சாயத்துன்னா ஆலமரம், ஜமுக்காளம், பெரியவர், அவர் பக்கத்துல வெத்தலை போட்டு வாய் கொப்பளிக்க ஒரு பித்தளைச் சொம்புன்னு காட்டிக் காட்டி அது மனசுல நின்னு போச்சு. கூஜா காணாம போன எடத்துல சொம்பு ஏறி உக்காந்துக்கிச்சு, தூக்குற வேலை மட்டும் அப்படியே இருக்கு.

எனக்கு ஒரு சந்தேகம், தப்பா இருந்தா மன்னிச்சுக்கோங்க, உங்க ஆபீஸ்ல சொம்பை ஒதுக்கறதுக்கு கொச்சைங்கறது மட்டும் காரணமில்ல, இந்தக் கிண்டலும் ஒரு காரணமோன்னு. ஆன்மிகப் பக்கத்துல "சொம்பில் நீர் எடுத்து"ன்னு போட்டா எவனாவது படம் புடிச்சுப் போட்டு சிரிப்பான்னு பயமா இருக்கலாம். பயப்படாதீங்க. ஜால்ராவும் அப்படித் தான், பஜனை மடத்துல ஜால்ரா தட்டுறவங்களை யாரும் கிண்டல் பண்றதில்ல. சிரிக்கிறவன் நாலு நாள் சிரிப்பான், அவன் வீட்டு கிரகப்பிரவேசத்துக்கு அவனே வந்து சொம்பு தான் வாங்குவான்.

இன்னொரு பக்கமும் இருக்கு, அதையும் மறைக்கக் கூடாது. சொம்பை நாம உபசாரத்தோட அடையாளமா தான் பேசுறோம். வீட்டுக்கு யார் வந்தாலும் மொதல்ல ஒரு சொம்பு தண்ணி, அப்புறம் தான் என்ன விஷயம்னு கேப்போம். ஆனா யாருக்கு சொம்பைக் கையில குடுத்தாங்க, யாருக்கு குடுக்கலங்கறதுல தான் ஊரோட லட்சணம் தெரியும். சில சாதிக்காரங்க வந்தா சொம்பு கைமாறாது, தூரத்துல நிக்க வெச்சு, குவிச்ச கையில மேல இருந்து தண்ணியை ஊத்துவாங்க. டீக்கடையில ரெட்டை கிளாஸ் முறைன்னு நீங்களே எத்தனை செய்தி போட்டிருக்கீங்க, அதுக்கு மூத்தது இந்த சொம்பு. யாழ்ப்பாணத்துல வாய் படாம குடிக்கிறதுக்குன்னே மூக்குப்பேணின்னு மூக்கு வெச்ச பாத்திரம் இருந்துச்சு, அங்கயும் எல்லாருக்கும் பேணி கிடைக்கல, பல பேருக்கு செரட்டை தான். எங்க கடைக்கு வர்ற பெரியவர் ஒருத்தர், சொம்புல வாய் வெச்சுக் குடிக்கக் கூடாது, அண்ணாந்து தான் குடிக்கணும், அது தான் நம்ம சுத்தம்னு பெருமையா சொல்வாரு. சுத்தம் சரி தான். ஆனா எது சுத்தம் எது தீண்டாமைன்னு அந்தக் காலத்துல பிரிச்சுப் பாக்கவே முடியாதபடி கலந்து தான் இருந்துச்சு, அதை விட்டுட்டு வெறும் பெருமையை மட்டும் பேசினா எனக்கு ஒத்துக்கல.

வடிவத்தைப் பத்தி ஒரு வார்த்தை, ஏன்னா இதை வெளிநாட்டுக்காரங்க சொன்னப்புறம் தான் நம்மாளுங்க கவனிச்சாங்க. அமெரிக்காவுல நாற்காலி டிசைன்ல பெரிய பேரு வாங்கின சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ்னு ஒரு தம்பதி, நம்ம அரசாங்கம் கூப்பிட்டு இங்க வந்து சுத்திப் பாத்துட்டு 1958ல இந்தியா ரிப்போர்ட்னு ஒண்ணு எழுதிக் குடுத்தாங்க. அதை வெச்சு தான் 1961ல அகமதாபாத்துல தேசிய டிசைன் நிறுவனம் ஆரம்பிச்சாங்க. இந்தியாவுல பாத்ததுலயே அவங்களுக்கு ரொம்ப அழகா பட்டது எது தெரியுமா, லோட்டா. எவ்வளவு தண்ணி புடிக்கணும், தூக்குற கை எவ்வளவு பெருசு, இடுப்புல வெப்பாங்களா தலையில வெப்பாங்களா, காலியா இருக்கும்போதும் நெறைஞ்சு இருக்கும்போதும் எப்படி நிக்கும், ஊத்தும்போது எப்படி விழும், கழுவ கை உள்ள போகுமா, என்ன விலை ஆகும்னு எல்லாக் கேள்விக்கும் அந்தப் பாத்திரத்துல பதில் இருக்குன்னு எழுதினாங்க. இதை யாரோ ஒரு ஆளு டிசைன் பண்ணல, தலைமுறை தலைமுறையா கொஞ்சம் கொஞ்சமா திருந்தி வந்த உருவம்னாங்க. நாங்க கடையில இதையே வாய், கழுத்து, வயிறு, அடின்னு பிரிச்சுப் பேசுவோம். கழுத்து ஒடுங்கலா இருக்கிறதால தான் விரல் வளைச்சுப் புடிக்க முடியுது, கைப்பிடி தேவைப்படல. வயிறு உருண்டு இருக்கிறதால தண்ணி தளும்பாது. இப்ப எவர்சில்வர்ல கழுத்தே இல்லாம மேலயும் கீழயும் ஒரே அகலத்துல ஒண்ணு வருது, அதையும் சொம்புன்னு தான் விக்கிறோம், எனக்கு அது சொம்பாவே படல, காதில்லாத மக் அது.

மக்குன்னதும் ஞாபகம் வருது, சொம்போட பாதி வேலையை பிளாஸ்டிக் மக் தான் புடுங்கிக்கிச்சு. குளிக்க, கால் கழுவ, கொல்லைக்குப் போக எல்லாத்துக்கும் ஒரு காலத்துல சொம்பு தான், அதுக்குன்னு தனிச் சொம்பு இருக்கும், சமையக்கட்டுப் பக்கம் வராது. இப்ப சொம்பு சாமி ரூம்லயும் சீர்வரிசைத் தட்டுலயும் தான் மிச்சம். காசிக்குப் போனவங்க கொண்டு வர்ற கங்கைச் சொம்பு, வாயை அடைச்சு சீல் வெச்சது, அது இன்னிக்கும் அசல் காப்பர்ல வருது. பாட்டி வெச்சிருந்த காப்பர் சொம்பை பழைய விலைக்குப் போட்டுட்டு, அதே வீட்டுப் பேரன் உடம்புக்கு நல்லதுன்னு ஆன்லைன்ல காப்பர் பாட்டில் வாங்குறான். நாங்க ரெண்டுக்கும் பில்லு போடறோம். பழைய சொம்புல பேர் வெட்டியிருக்கும், இன்னாருக்கு இன்னார் அன்பளிப்பு, தேதியோட, அதை உருக்கப் போடறதுக்கு முன்னாடி நான் ஒரு தடவை படிச்சுப் பாப்பேன், பழக்கம். அப்படி வந்ததுல பல சொம்புல "செம்பு"ன்னும் இல்ல "சொம்பு"ன்னும் இல்ல, வெறும் பேரு தான் இருக்கும், அதனால இந்த வழக்குக்கு அங்க சாட்சி கிடைக்கல!

எல்லா ஊர்லயும் சொம்பு தான் சொல்றாங்கன்னு நான் சாதிக்க வரல. பாத்திரத்தையும் செம்புன்னே சொல்ற ஊரு நம்ம தமிழ்நாட்டுலயும் உண்டு, இலங்கைத் தமிழர்களும் செம்புன்னு தான் சொல்றாங்க. அவங்க எழுதினா செம்புன்னே போடுங்க, அது அவங்க வழக்கு, அதைத் திருத்துனா அதுவும் தப்பு தான். பாத்திரத்துக்கு ஊருக்கு ஊரு ஒரு பேரு இருக்கிறது நல்லது தானே, கோயம்புத்தூர் பக்கம் போசிங்கறாங்க, தெக்க போனா போணிங்கறாங்க, அதையெல்லாம் அரைச்சு பாத்திரம்னு ஒரே வார்த்தையா ஆக்கிடாதீங்க. செப்பேடு, செப்புத் திருமேனி, செப்புக்காசு இதெல்லாம் அப்படியே இருக்கட்டும், சோழர் காலத்து லெய்டன் செப்பேட்டை லெய்டன் சொப்பேடுன்னு யாரும் எழுதச் சொல்லல.

நான் கேக்குறது ரெண்டே விஷயம். சொம்புன்னு ஒருத்தர் எழுதி அனுப்பினா அதை செம்புன்னு திருத்தாதீங்க, அது பாத்திரத்தோட பேரு, அகராதியில ஏறுற தகுதி அதுக்கு வந்து பல காலம் ஆச்சு. ரெண்டாவது, பூஜை கட்டுரையில காப்பர்ல தான் வைக்கணும்னா செப்புச் சொம்புன்னோ தாமிரச் சொம்புன்னோ தெளிவா போடுங்க, எது வேணா வைக்கலாம்னா அதையும் ஒரு வரி போடுங்க. அந்த அம்மாவை மாமியார் சொம்புலயே வைக்கச் சொல்லி நான் அனுப்பிட்டேன், என்னை நம்பிப் போனாங்க, ஆனா அடுத்த வாரம் நீங்க போடறதைத் தான் அவங்க நம்புவாங்க.

இப்படிக்கு,
கும்பகோணத்துல இருந்து ஒரு பாத்திரக்கடைக்காரன்

பி.கு.: லெட்டரை மடிக்கும்போது பையன் இந்த வாரத்து சமையல் பக்கத்தைக் கொண்டாந்து காட்டுறான். குருமாவுக்கு அரைக்க வேண்டிய சாமான்ல தேங்காய், கசகசா, அப்புறம் "சொம்பு இரண்டு ஸ்பூன்"னு போட்டிருக்கீங்க. அது சோம்பு சார். அங்க மட்டும் திருத்திக்கோங்க.